எதை நிறுத்திட்டா?

மாடியில் சாவிக்கொத்து விழுகிற சத்தம் கேட்டதும் கையில் இருக்கிற டீயை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கி என் எக்ஸ்ரே அறைக்கு வருவார்கள். சில சமயம் யாரும் வர மாட்டார்கள். குழந்தை குனிந்து சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். நான் மறுபடி டீயைக் கையில் எடுத்துக்கொள்வேன்.

தேரடி வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் அந்தக் கட்டடம் இருந்தது. மாடியில் ஒரு டாக்டரம்மாவின் குழந்தைகள் கிளினிக், கீழே என் மெஷின். இரண்டு பேருக்கும் ஒரே மாடிப்படி, ஒரே தண்ணீர்க் குழாய், தண்ணீர் வராத நாளில் திட்டுவதற்கு ஒரே வீட்டுக்காரர். திருவண்ணாமலை தனி மாவட்டமாகி, வேங்கிக்கால் பக்கம் மனை விலை ஏறிக்கொண்டிருந்த சமயம். பத்துப் பன்னிரண்டு வருஷம் அப்படிச் சேர்ந்து இருந்தோம். பிறகு அவர் கிளினிக்கைக் காலி செய்துகொண்டு தங்கை வீட்டோடு போய்விட்டார். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது என்பதால் சொல்லவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியவும் தெரியாது. சாவி டாக்டர் என்றால்தான் தெரியும்.

ஒல்லியான உடம்பு. கஞ்சி போட்ட பருத்திப் புடவை. மற்ற குழந்தை டாக்டர்கள் போலச் சுவரில் கரடி பொம்மை ஒட்டுவது, குரலை மாற்றிக் கொஞ்சுவது எதுவும் கிடையாது. குழந்தைகளிடம் அரசாங்க அதிகாரி மாதிரிதான் பேசுவார். ஆச்சரியம் என்னவென்றால் குழந்தைகளுக்கு அது பிடித்திருந்தது. தங்களை யாரோ மதிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுமோ என்னவோ, அழுதுகொண்டே போன பிள்ளைகூட அவர் எதிரில் வாயை மூடிக்கொண்டு உட்காரும்.

எடுத்ததும் ஸ்டெதஸ்கோப்பைத் தொட மாட்டார். அம்மாக்காரி சொல்லி முடிக்கட்டும் என்று கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். காய்ச்சல் அடிக்குது, சிணுங்குறான், சோறு துப்புறான். எல்லாம் சொல்லி முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி.

"இதெல்லாம் செய்யறான், சரி. எதை நிறுத்திட்டான்?"

இந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு யாரும் டாக்டரிடம் வருவதில்லை. பெண்கள் திருதிருவென்று விழிப்பார்கள். "இஸ்கூலுக்குப் போறத நிறுத்திட்டான்" என்று ஒரு அம்மா சொல்ல, வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "யோசிச்சு சொல்லு. எனக்கு அவசரம் இல்ல" என்றார். அவருக்கு அவசரமே கிடையாது. பெஞ்சில் காத்திருப்பவர்களுக்குத்தான் அவசரம். யோசித்தால் மெதுவாக ஏதாவது வரும். சட்டை போடும்போது இடது கையைத் தூக்கித் தருவதில்லை. குளிப்பாட்டும்போது உதைப்பதில்லை. இடுப்பில் இந்தப் பக்கம் வைத்தால் உட்காருவான், அந்தப் பக்கம் வைத்தால் அழுவான்.

"பெரியவங்க வலிக்குதுன்னு சொல்லுவாங்க. கொழந்தை சொல்லாது. வலிக்கறத செய்யாம வுட்டுடும். அவ்ளோதான்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அதற்கு அப்புறம்தான் சாவி விழும். கை தவறி விழுந்த மாதிரியே விழும். வீட்டுச் சாவி, கிளினிக் சாவி, மொபெட் சாவி எல்லாம் சேர்ந்த கொத்து. அதில் கோயில் வாசல் கடையில் வாங்கிய ஒரு சின்னப் பித்தளை மணி வேறு. மொசைக் தரையில் அது விழுந்தால் எந்தக் குழந்தையும் திரும்பிப் பார்க்கும். "அய்யோ, விழுந்துடுச்சே. எடுத்துக் குடுங்க சார்" என்பார் இரண்டு வயசுப் பையனிடம். அவன் எப்படி எழுந்திருக்கிறான், எந்தக் காலை முதலில் வைக்கிறான், முதுகை வளைத்துக் குனிகிறானா, வளைக்காமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுக்கிறானா, எந்தக் கையை நீட்டுகிறான் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். கைக்குழந்தையாக இருந்தால் முகத்துக்கு மேலே ஆட்டுவார். வராத கை எது என்று பார்ப்பார்.

எங்களுக்குள் சண்டை வந்தது ஒரு கைக்குழந்தையால்தான். பால்குடி மறக்காத பெண் குழந்தை. வலது கை துவண்டு தொங்கியது. தொட்டில் கயிற்றில் மாட்டிச் சுளுக்கிக்கொண்டது என்று சொல்லி, யாரோ எண்ணெய் தடவி நீவி விட்டிருந்தார்கள். நீவ நீவக் குழந்தை வீறிட்டிருக்கிறது. சுளுக்கு இறங்குகிறது என்று இன்னும் அழுத்தி நீவியிருக்கிறார்கள். என்னிடம் அனுப்பினார். எடுத்தேன். தோள், முழங்கை எல்லாம் பளிச்சென்று சுத்தமாக இருந்தது. ஈரம் காயாத பிலிமைக் கிளிப்போடு தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய், "ஒண்ணும் இல்லைங்க" என்றேன், என் பங்குக்கு நல்ல செய்தி சொல்லும் பெருமையோடு.

"படத்துல ஒண்ணும் இல்ல. எலும்புல இருக்கு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எலும்பில் இருந்தால் என் படத்தில் வராமல் எங்கே போகும்? "மேடம், நான் எடுத்த படத்துல குறை சொல்ல முடியாது."

"படத்த யாருங்க குறை சொன்னாங்க? எலும்புக்குள்ள சீழ் வெச்சா, அது எலும்ப அரிச்சு உங்க மெஷினுக்குத் தெரியறதுக்கு ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் நான் காத்துட்டிருந்தா இந்தக் கை வெளங்காது."

எலும்புக்குள் சீழ் பிடிக்கும் என்பதே பல பேருக்குத் தெரியாது. சதையில் கட்டி வரும், காதில் வரும், எலும்பு கல் மாதிரி, அதில் எப்படி வரும் என்றுதான் அந்தக் குழந்தையின் அப்பாவும் கேட்டார். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். டாக்டர் வேலூர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து, அவர்கள் பஸ் ஏறும்வரை விடவில்லை. அங்கே தோளை ஒட்டி மேல்கை எலும்பில் துளை போட்டுச் சீழை எடுத்தார்கள். வீட்டுக்குத் திரும்பியதும் அந்தக் குழந்தையை மறுபடி என்னிடம் அனுப்பி வைத்தார். எனக்குக் காட்டத்தான் அனுப்பினார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். இந்த முறை படத்தில் தெரிந்தது. மேல்கை எலும்பின் நுனி, செல்லரித்த கட்டை மாதிரி இருந்தது. ஆனால் மெஷின் மேல் படுத்துக்கொண்டு அந்தப் பெண் இரண்டு கையாலும் என் மீசையைப் பிடித்து இழுத்தாள். அதற்குப் பிறகு, படம் சுத்தம் என்றுதான் சொல்லுவேன், ஒன்றும் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

எல்லாருக்கும் அவரைப் பிடித்தது என்று சொல்ல முடியாது. எதற்கெடுத்தாலும் வேலூருக்கு விரட்டுகிறார் என்று பேச்சு இருந்தது. கிறுக்கு என்றும் சொன்னார்கள். மலையைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து மாதக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சல் வருகிற ஒரு பையன் வந்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தான். எங்கெங்கோ பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். எதை நிறுத்திட்டான் என்று கேட்டாயிற்று. சப்பணம் போட்டு உட்காருவதை நிறுத்திவிட்டான். சாவி விழுந்தது. என் படத்தில் ஒன்றும் வரவில்லை. பிறகு அவர், "வீட்ல ஆடு இருக்கா?" என்று ஆரம்பித்தார்.

"இருக்குதுங்க."

"கரு கலைஞ்சுதா எதுக்காச்சும்?"

"ரெண்டு ஆட்டுக்குக் கலைஞ்சுட்ச்சி. அதுக்கும் கொயந்த காய்ச்சலுக்கும் இன்னாங்க?"

"பால் குடிக்கறானா? காய்ச்சியா, பச்சையாவா?"

பச்சைப் பால்தான், உடம்பில் தெம்பு ஒட்டும் என்று கறந்த சூட்டோடு கொடுத்திருக்கிறார்கள். வெளியே வந்த பையனின் மாமா என்னிடம், "இன்னா சார் இது, மாட்டாஸ்பத்திரிக்கு வந்துட்டமா?" என்று கேட்டார். ஆட்டிலிருந்து பாலில் இறங்கி, பாலிலிருந்து இடுப்பு எலும்பில் போய் உட்காருகிற ஒரு கிருமி இருக்கிறதாம். ரத்தத்தை எங்கோ அனுப்பிப் பார்த்ததில் அதுதான் என்று வந்தது. மாத்திரையில் தீர்ந்துவிட்டது. மாமா ஒரு தூக்குச் சட்டியில் பால் கொண்டுவந்து, "காய்ச்சினதுங்க" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு டாக்டர் சிரித்ததை மாடிப்படியில் நின்று கேட்டேன்.

பௌர்ணமிக்கு மறுநாள் மட்டும் அவர் அருகில் போக முடியாது. அந்த வருஷங்களில்தான் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் ஏறிக்கொண்டே வந்தது. மறுநாள் காலை பெஞ்சு முழுக்கக் கால் வலிப் பிள்ளைகள். கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில், மலை சுத்தின வலி. எங்கள் ஊரில் அந்த வலிக்கு மருந்து கிடையாது, அது ஒரு பெருமை. வெந்நீர் ஊற்றினால் போய்விடும். பெரும்பாலும் போகவும் போய்விடும். அதுதான் அவருக்குப் பயம். அத்தனை நல்ல வலிக்கு நடுவில் ஒரு கெட்ட வலி ஒளிந்துகொண்டு வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு பிள்ளைக்கும் கேட்பார். "நடந்தானா, தூக்கிட்டுப் போனீங்களா?" தூக்கிக்கொண்டு போனோம் என்று யாராவது சொன்னால் தொலைந்தார்கள். "தோள்ல வந்த பிள்ளைக்கு மலை சுத்தின வலி எப்படிங்க வரும்? அண்ணாமலையார் குடுத்தாரா?" அந்தச் சத்தம் எனக்குக் கீழே கேட்கும்.

எனக்கு ஒரு பெண் இருந்தாள்.

மத்தியானம் என் மனைவி சாப்பாடு எடுத்து வரும்போது அவளும் வருவாள். மூன்று வயது. வந்ததும் நேரே மாடிக்குப் போவாள். சாவி விழுவது தனக்காக நடக்கிற விளையாட்டு என்று அவளுக்கு எண்ணம். ஓடிப்போய் எடுத்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "மறுபடியும் கீய போட்டுட்டியா?" என்று அதட்டுவாள். "மன்னிச்சுக்கோங்க மேடம்" என்பார் அவர். ஊரில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பார்த்ததில்லை, இவளிடம் தினமும் கேட்டார். பிறகு படி இறங்கி வருவாள். கடைசிப் படியிலிருந்து இரண்டு காலையும் சேர்த்துத் தொம்மென்று குதிப்பாள். அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் கை கழுவப் போவேன்.

ஒரு கத்திரி வெயிலில் அவளுக்கு முழங்காலுக்கு மேல் ஒரு வேனல் கட்டி வந்தது. ஊரில் எந்தப் பிள்ளைக்குத்தான் வரவில்லை? மஞ்சள் பத்துப் போட்டோம். உடைந்து காய்ந்தும் போயிற்று. சில நாள் கழித்து லேசாக உடம்பு சுட்டது. அன்றைக்கு மத்தியானம் அவர் தானாகப் படி இறங்கி வந்தார். கிளினிக் நேரத்தில் அவர் கீழே வந்து நான் பார்த்ததில்லை.

"பாப்பா எங்க? நேத்தும் வந்தா, இன்னைக்கும் வந்தா. குதிக்கற சத்தம் காணோமே."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. நேற்று அவள் கடைசிப் படியில் உட்கார்ந்து, சறுக்கி இறங்கினாள். விளையாட்டு என்று நினைத்தேன்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என் பெண்ணுக்கு முன்னால் அவர் சாவியைப் போட்டார். மணி உருண்டு அவள் காலடியில் போய் நின்றது. அவள் அதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "நீயே எட்த்துக்கோ" என்றாள்.

நான் படம் எடுத்தேன். என் பிள்ளையின் தொடையை என் கையால் பிடித்து நேராக வைத்து, "போட்டோ எடுக்கறேன், சிரி" என்று எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வதைச் சொல்லி எடுத்தேன். சிரித்தாள். படம் சுத்தமாக இருந்தது. அது பொய் சொல்லும் என்று அந்த ஊரில் அவருக்கு அடுத்தபடி எனக்குத்தான் தெரியும். தெரிந்தும் அந்தப் படத்தை விளக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு ஒரு நாள் மட்டும் அது உண்மை சொல்லட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஒரு நிமிஷம்கூட வீணாகவில்லை. இதை யார் கேட்டாலும் சொல்லுவேன். கிளினிக்கைப் பூட்டிவிட்டு அவரும் வாடகைக் காரில் ஏறினார். போளூர் வழியாக வேலூர் போகும்வரை, சாலைக் குழியில் வண்டி குதிக்கும்போதெல்லாம் அவள் கால் அசையாமல், இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டே வந்தார். அவர் சொன்ன இடத்தில்தான் சீழ் இருந்தது. எடுத்தார்கள். ஆனால் அது அதற்குள் ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கும் போய்விட்டிருந்தது. இத்தனை வேகமாகப் பரவுவது அபூர்வம் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். மூன்றாம் நாள் காலை அவள் போய்விட்டாள்.

சாவி டாக்டர் சரியாகத்தான் சொன்னார். யாரும் சொல்ல முடியாத அளவு சீக்கிரம் சொன்னார். யார் மேலாவது கோபப்பட முடிந்திருந்தால் நானும் என் மனைவியும் கொஞ்சம் பிழைத்திருப்போம். யார் மேலும் பட முடியவில்லை.

காரியம் முடிந்து சில நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டியா, தைரியமாக இரு, எல்லாம் விதி என்று வந்தவர்கள் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். அவர் என் மனைவி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவளிடம் கேட்டார்.

"எதை நிறுத்திட்ட?"

என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை நாளில் அவளைக் கேட்ட கேள்விகளில் அவளுக்குப் பதில் தெரிந்தது அது ஒன்றுதான். "தலை வாரறத" என்றாள். "ரெண்டு பேருக்கும் ஒண்ணாதான் வாருவேன்."

அவர் எழுந்து கண்ணாடி அலமாரியிலிருந்து சீப்பை எடுத்துவந்து, அவள் பின்னால் உட்கார்ந்து, சிக்குப் பிடித்த அந்தத் தலையை நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வாரிப் பின்னிவிட்டார். அன்றைக்குத்தான் என் மனைவி வாய்விட்டு அழுதாள். போகும்போது வாசலில் நின்று என்னிடம், "கடையைத் திறங்க. திறந்தா பசங்ககிட்ட போட்டோக்கு சிரிங்கன்னு சொல்லுங்க. அது கேக்காம எனக்கு மேல வேலை ஓடாது" என்றார்.

திறந்தேன். முதலில் வாய் வரவில்லை, பிறகு சொன்னேன். என் துக்கத்திலேயே மூழ்கி இருந்ததால் ஒன்றைக் கவனிக்க எனக்குப் பல மாதம் ஆனது. பிள்ளைகள் படி இறங்கி வந்துகொண்டுதான் இருந்தார்கள். முன்னைவிட ஜாஸ்தியாகவே வந்தார்கள். ஆனால் அவர்கள் வருவதற்கு முன்னால் மாடியில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாரையும் படத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். படத்தை நம்பாதீர்கள் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்.

ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் செங்கம் பக்கத்திலிருந்து ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாடியிலிருந்து வந்த சீட்டில் காலுக்குப் படம் என்று இருந்தது. அப்பாவிடம் என்னவென்று கேட்டேன்.

"மலை சுத்தினதுல வலிங்க. கொறஞ்சுடும்னுதான் டாக்டரம்மாகிட்டயும் சொன்னேன்."

"நடந்தானா?"

"இல்லீங்க. கொஞ்ச நாளாவே நடக்க மாட்டேன்றான். தோள்லதான் வந்தான்."

நான் மாடியை அண்ணாந்து பார்த்தேன். இதற்கு அவர் போட்டிருக்கவேண்டிய சத்தம் என் காதில் விழவே இல்லை. படம் சுத்தமாக இருந்தது. பையனையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு படத்தோடு மேலே போனேன். அவர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தார். பையனைப் பார்க்கவில்லை.

"மேடம், எதை நிறுத்திட்டீங்க?" என்று கேட்டேன்.

அவர் மேஜை டிராயரை இழுத்தார். வீட்டுச் சாவியும் மொபெட் சாவியும் தனியாக ஒரு கயிற்றில் இருந்தன. மணியோடு அந்தப் பழைய கொத்து ஒரு மூலையில் கிடந்தது.

"போட முடியலைங்க. போட்டா அவ வந்து எடுப்பான்னு இருக்கு" என்றார்.

நான் டிராயரில் கை விட்டு அந்தக் கொத்தை எடுத்துக் கீழே போட்டேன்.

சத்தம் கேட்டதும் நாங்கள் இரண்டு பேருமே அந்தப் பையனைப் பார்க்கவில்லை. கதவைத்தான் பார்த்தோம். அங்கே யாரும் வரவில்லை. அதற்குள் பையன் அப்பாவின் மடியிலிருந்து நழுவி இறங்கியிருந்தான். முதுகைக் கம்பு மாதிரி நேராக வைத்துக்கொண்டு, தொடையில் கையை ஊன்றி, முழங்காலை மடக்கி மெல்ல மெல்ல உட்கார்ந்து சாவியை எடுத்தான். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "வீட்ல யாருக்காச்சும் நாள்பட்ட இருமல் இருக்கா?" என்று கேட்டார். பையனின் தாத்தாவுக்கு இருந்தது. "காலு இல்லைங்க, முதுகெலும்பு. டி.பி.யா இருக்கும். மலை சுத்தினதுல வந்ததில்ல, அண்ணாமலையாரை வம்புக்கு இழுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே வேலூருக்கு எழுத ஆரம்பித்தார். பழைய குரல் வந்துவிட்டது. அந்தப் பையன் வருஷம் முழுக்க மாத்திரை சாப்பிட்டுப் பின்னால் ஓடியாடினான் என்று கேள்விப்பட்டேன்.

அவர்கள் கிளம்பிப் போனதும் நானும் படத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இரண்டு படி இறங்கியிருப்பேன், பின்னால் சாவிக்கொத்து விழுந்தது. அடுத்த குழந்தையை இன்னும் உள்ளே கூப்பிடவில்லையே என்று திரும்பிப் போய்ப் பார்த்தேன்.

அறையில் குழந்தை யாரும் இல்லை. அவர் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறுபடியும் கீய போட்டுட்டேன்" என்றார்.

நான் உள்ளே போய்க் குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.